சிற்றூரும் பெருவானும்



நிலக்காட்சி ஓவியம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? பனி மூடிய மலைமுடிகள், பேரருவிகள், பாழடைந்த கோட்டைகள், பொன்னொளி பரந்த அயல்நாட்டுக் கடற்கரைகள். பெரும்பாலும் நாம் கண்டறியாத இடங்களே. அழகைக் காண வேண்டுமாயின் தொலைவிற் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் மனித மனத்தில் ஆழ வேரூன்றியதொன்று. அவ்வெண்ணத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் மறுத்து நின்ற ஓவியர் ஒருவரைப் பற்றி இன்று சொல்ல விழைகின்றேன். அவர் தம் தாய்நாட்டின் எல்லையை ஒருமுறையேனும் கடந்தவரல்லர். அவருக்குப் புகழ் தேடித் தந்த ஆறு பெரிய ஓவியங்களும் ஒரே ஆற்றங்கரையில், காலாற நடந்து காணத்தக்க தொலைவுக்குள் அமைந்த காட்சிகள். அவர் பெயர் ஜோன் கொன்ஸ்டபிள். ஆங்கில நாட்டினர்.

ஒரு சிறு நிலத்தை முழுதாக அறிவதற்கு ஒரு வாழ்நாள் போதுமா? அவ்வாறு அறிந்தவன் உலகம் முழுவதற்கும் உரிய கலையைப் படைத்தல் கூடுமா? இவ்விரு வினாக்களுக்கும் கொன்ஸ்டபிளின் வாழ்க்கையே விடையாக அமைந்தது. அவ்விடையைப் பெறுதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று.

இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியில் சபொக் மாவட்டத்தில் ஈஸ்ட் பேர்கோல்ட் என்னும் சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரில் 1776 ஆம் ஆண்டு யூன் மாதம் 11 ஆம் நாள் கொன்ஸ்டபிள் பிறந்தார். தந்தை கோல்டிங் கொன்ஸ்டபிள் செல்வமுடைய தானிய வணிகர். ஊரையடுத்து ஓடும் ஸ்டூர் ஆற்றங்கரையில் பிளாட்போர்ட், டெடம் என்னும் ஈரிடங்களில் அவருக்கு நீராலைகள் இருந்தன. அரைத்த மாவைத் தட்டையான சுமைப்படகுகளில் ஏற்றி, குதிரைகளைக் கொண்டு ஆற்றோரமாக இழுத்துச் சென்று, கடல்வழியே இலண்டனுக்கு அனுப்புவது அவர் தொழில். ஆலை, அணை, மதகு, படகு, குதிரை, ஆற்றோர மரங்கள் ஆகிய இவையே பிற்காலத்தில் மைந்தனின் ஓவியங்களை நிரப்பின. தந்தைக்குப் பிழைப்பாக இருந்தது மைந்தனுக்குக் கலையாயிற்று.

தந்தையார் மகனைத் தம் தொழிலிற் பழக்க விரும்பினார். இளைஞர் ஏறத்தாழ ஓராண்டு காற்றாலையில் வேலை செய்தார். காற்றாலைக்காரனுக்கு வானமே நாட்காட்டி. காற்று எத்திசையிலிருந்து வருகின்றது, எம்முகில் மழை தரும், எம்முகில் ஓடிக் கலையும் என்பவற்றை அவன் அறிந்திருத்தல் வேண்டும். அறியானாயின் புயற்காற்று வருமுன் சிறகுகளை அடக்கமாட்டாது ஆலையையே இழப்பான். அக்காலத்தில் வானத்தைப் பார்க்கப் பழகிய கண் கொன்ஸ்டபிளுக்கு இறுதிவரை பயன்பட்டது. ஓவியக் கல்லூரி எதுவும் கற்பிக்கவியலாத பாடத்தை அவர் ஆலையிலேயே கற்றுக்கொண்டார் எனலாம்.

ஊரில் அவருக்கு வாய்த்த முதல் ஓவியத் தோழரும் கலைக்கூடத்தவரல்லர். ஜோன் டன்தோன் என்னும் அவர் ஈயக்குழாய் பொருத்துதல், கண்ணாடி பதித்தல் முதலிய வேலைகளைச் செய்து பிழைத்தவர். ஓய்வு நேரங்களில் ஓவியம் தீட்டுபவர். இருவரும் வயல்வெளிக்குச் சென்று, கண்முன் நிற்கும் பொருளைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினர்.

கொன்ஸ்டபிள் காலத்து ஓவிய உலகின் நிலையை இங்கே சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். வரலாற்றுச் செய்திகளையும் சமயக் கதைகளையும் தீட்டுவோரே முதல் வரிசையினர். அடுத்து உருவப்பட ஓவியர். நிலக்காட்சி தீட்டுவோர் மிகவும் பின்னே நின்றனர். அவ்வாறு தீட்டினும், 17 ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த குளோட் லொரைன் முதலிய பேராசிரியர்களின் ஓவியங்களை முன்மாதிரியாகக் கொண்டு, பொன்னும் பழுப்புமாகிய ஒளியிலே தீட்டுதல் வேண்டும் என்பது மரபு. பழைய ஓவியங்களின் மேற்பூச்சு காலத்தாற் பழுத்து மங்கியிருந்தது. அம்மங்கலையே அழகின் இலக்கணமாகப் பலர் எண்ணினர்.

சேர் ஜோர்ஜ் போமொண்ட் என்னும் செல்வர் கலைப்பொருள் சேர்ப்பவர். தாமும் ஓவியம் தீட்டுபவர். இளம் கொன்ஸ்டபிளிடத்து அன்பு பூண்டு, தம்மிடமிருந்த குளோட் ஓவியத்தை அவருக்குக் காட்டிக் கண்திறந்தவரும் அவரே. ஆயினும் நிறங்களைப் பொறுத்தவரை இருவருக்கும் கருத்து வேற்றுமை இருந்தது. நிலக்காட்சியின் பொது நிறம் பழைய வயலினின் பழுப்பு நிறமாக இருத்தல் வேண்டும் என்று போமொண்ட் ஒருமுறை சொன்னாராம். கொன்ஸ்டபிள் மறுமொழி கூறாமல், ஒரு பழைய வயலினை எடுத்துச் சென்று வீட்டின் முன்னிருந்த பசும்புற்றரையில் வைத்தார். பின்னாளில் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய நண்பர் லெஸ்லி இதனைக் குறித்துள்ளார். புல் பச்சையாக இருக்கின்றது என்று சொல்வதற்கும் அந்நாளில் துணிவு வேண்டியிருந்தது.

1799 ஆம் ஆண்டிலே தந்தையின் இசைவு பெற்று இலண்டன் றோயல் அக்கடமியின் கல்விக்கூடத்திற் சேர்ந்தார். 1802 ஆம் ஆண்டில் படைக்கல்லூரியொன்றில் சித்திர ஆசிரியப் பதவி கிடைக்கும் வாய்ப்பு நேர்ந்தது. நிலையான ஊதியமுடைய பதவி. அதை அவர் ஏற்கவில்லை. அவ்வாண்டிலேயே டன்தோனுக்கு எழுதிய கடிதத்தில் தம் எண்ணத்தைத் தெளிவாக வெளியிட்டார். கடந்த இரண்டு ஆண்டுகளாகத் தாம் பிறர் ஓவியங்களின் பின்னே ஓடியதாகவும், உண்மையைப் பிறர் கைவழியாகத் தேடியதாகவும், இனி ஊருக்குத் திரும்பி இயற்கையிடமே கற்கப் போவதாகவும் எழுதினார். இயற்கையை உள்ளவாறு தீட்டும் ஓவியனுக்கு இன்னும் இடமுண்டு என்பது அவர் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது 25.

நம்பிக்கை உடனே சோறு போடாது. அடுத்த பல ஆண்டுகள் அவர் உருவப்படம் தீட்டியும், பிறர் ஓவியங்களைப் பார்த்துப் படி எடுத்தும், தந்தையார் அனுப்பிய பணத்தைக் கொண்டும் வாழ்ந்தார். 1809 ஆம் ஆண்டில் மரியா பிக்னல் என்னும் பெண்ணை அவர் காதலித்தார். மரியாவின் பாட்டனார் ஈஸ்ட் பேர்கோல்ட் திருச்சபைத் தலைமைக் குரு. செல்வாக்கும் செல்வமும் உடையவர். வருவாயற்ற ஓவியருக்குப் பேத்தியைக் கொடுக்க அவர் உடன்படவில்லை. மீறி மணப்பின் மரியா சொத்தை இழக்க நேரும். காதலர் ஏழாண்டுகள் காத்திருந்தனர். நிலக்காட்சியை விட்டு உருவப்படத்துக்கு முழுதாக மாறியிருப்பின் காத்திருப்புக் குறைந்திருக்கும். அவர் மாறவில்லை. 1816 ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்து, குடும்பத் தொழிலில் ஒரு பங்கு கைக்கு வந்த பின்னரே, அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் திருமணம் நிறைவேறியது. நண்பர் ஜோன் பிஷர் என்னும் குருவானவர் அதனை நடத்தி வைத்தார்.

காத்திருந்த அந்த ஆண்டுகள் வீணாகிவிடவில்லை. கோடைதோறும் ஊருக்குச் சென்று, உள்ளங்கையளவான சிறு ஏடுகளில் கரிக்கோலால் வரைந்து குவித்தார். 1813, 1814 ஆம் ஆண்டுகளின் ஏடுகள் இரண்டு இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் இன்றும் இருக்கின்றன. ஏர் பூட்டிய குதிரை, வேலியோரத்துக் கொடி, மதகின் மரக்கம்பம், தோணியின் முனை என எதையும் அவர் சிறிதென்று ஒதுக்கவில்லை. பிளாட்போர்டில் தந்தையாரின் படகு கட்டும் துறையைக் காட்டும் ஓவியம் 1815 இல் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதனை அவர் திறந்த வெளியிலேயே தீட்டினார் என்று லெஸ்லி கூறுகின்றார். தச்சன் வாய்ச்சியும் மரத்துண்டுகளும் கொதிக்கும் தார்க்கலமும், தொழில் அறிந்தவன் குறை காணமுடியாத வகையில் அதில் அமைந்துள்ளன.

இனி அவர் ஓவியம் உருவாகும் முறையைக் காண்போம்.

திருமணத்தின் பின் கொன்ஸ்டபிள் இலண்டனிலேயே குடியமர்ந்தார். ஆண்டுதோறும் நடைபெறும் அக்கடமிக் கண்காட்சியில் நூற்றுக்கணக்கான ஓவியங்கள் நெருக்கமாகச் சுவரை மூடித் தொங்கும். அங்கே சிறிய ஓவியம் யார் கண்ணிலும் படாது. ஆகவே ஏறக்குறைய ஆறடி அகலமுள்ள கித்தானில் தம் ஊர்க்காட்சிகளைத் தீட்டத் துணிந்தார். பெருவீரரின் போர்க்களங்களுக்கு ஒதுக்கப்பட்ட அளவினை ஆற்றங்கரைக் குதிரைக்கும் படகோட்டிக்கும் கொடுத்தார் என்பதை நாம் கருதுதல் வேண்டும். 1819 ஆம் ஆண்டில் ‘வெள்ளைக் குதிரை’ வெளிவந்தது. தொடர்ந்து 1825 வரையில் மேலும் ஐந்து ஓவியங்கள் வந்தன.

ஆனால் ஒரு தடை இருந்தது. ஆறடிக் கித்தானை ஆற்றங்கரைக்குத் தூக்கிச் சென்று தீட்டுதல் இயலாது. வெயில் மாறும்; முகில் நகரும்; இலை உதிரும். இலண்டன் அறைக்குள் இருந்து தீட்டுவதாயின் ஆற்றங்கரையின் ஈரமும் காற்றும் எவ்வாறு உள்ளே வரும்? இதற்குக் கொன்ஸ்டபிள் கண்ட வழி பெரிதும் புதுமையானது. முதலில் பழைய ஏடுகளிலிருந்து கரிக்கோல் வரைவுகளை எடுப்பார். அடுத்து, திறந்த வெளியில் தீட்டிய சிறு எண்ணெய் வண்ணப் படங்களைத் துணைக்கொள்வார். பின்னர், முடிவான ஓவியத்தின் அதே அளவில், ஆறடிக் கித்தானிலேயே ஒரு முன்வரைவைத் தீட்டுவார். தூரிகையாலும், தட்டைக் கத்தியாலும் விரைந்து தீட்டிய அம்முன்வரைவில் விவரங்கள் குறைவு. ஒளியும் நிழலும் காற்றும் கொந்தளிக்கும். அதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கண்காட்சிக்குரிய ஓவியத்தைப் பொறுமையுடன் நிறைவு செய்வார். விற்பனைக்குரியதல்லாத ஒன்றுக்காக ஆறடிக் கித்தானையும் வண்ணத்தையும் பல கிழமை உழைப்பையும் செலவிடும் வழக்கம் அன்றைய ஓவியரிடத்து இருக்கவில்லை.

1821 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வைக்கோல் வண்டி’ இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதற்கு அவர் இட்ட பெயர் ‘நிலக்காட்சி: நண்பகல்’ என்பதாகும். இடம் பிளாட்போர்ட் ஆலையின் அருகே. இடப்புறத்தில் வில்லி லொட் என்னும் உழவரின் வீடு. அவ்வுழவர் எண்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தும் அவ்வீட்டை விட்டுப் பிரிந்த நாட்கள் நான்கே என்று சொல்வர். நடுவே ஆழமற்ற ஆற்றுநீரில் வெறும் வண்டியொன்று நிற்கின்றது. குதிரைகளின் கழுத்தணியிலே சிவப்பு. அந்தச் சிறிதளவு சிவப்பினாற் சூழவுள்ள பச்சை முழுவதும் உயிர் பெறுகின்றது. கரையிலே நாய் நின்று வண்டியைப் பார்க்கின்றது. தொலைவில், வெயில் படர்ந்த புல்வெளியில், புல்லறுப்போர் புள்ளிகளாகத் தெரிகின்றனர். மேலே முகில்கள் திரண்டு நகர்கின்றன.

இவ்வோவியம் முழுவதும் இலண்டனில் தீட்டப்பட்டது. தீட்டிக்கொண்டிருக்கையில் வண்டியின் அமைப்பில் ஐயம் எழுந்தது. சில்லு எவ்வாறு பொருந்தும், சட்டம் எவ்வாறு வளையும் என்பதைக் கற்பனையால் நிரப்பிவிட அவர் மனம் ஒப்பவில்லை. ஊரிலிருந்த தம்பி ஏபிரகாமுக்கு எழுதினார். டன்தோனின் மகன் வண்டியைப் பார்த்து வரைந்த படத்தைத் தம்பி அனுப்பிவைத்தார். இத்தனை உழைப்புடன் வெளிவந்த ஓவியம் இலண்டனில் விலைபோகவில்லை. 

ஓவியத்தின் உயிர்நிலை வானமே என்பது கொன்ஸ்டபிளின் துணிபு. 1821 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பிஷருக்கு எழுதிய கடிதமொன்றில் இதனை விளக்கினார். வானத்தை ஓவியத்தின் பின்னே தொங்கவிட்ட வெள்ளைத் துணியாகக் கருதுவோரை அவர் மறுத்தார். ஒளியின் ஊற்று வானம். காட்சியின் உணர்ச்சியைத் தாங்குவதும் வானமே என்றார். அதே கடிதத்தில், ஆலையணையினின்று வழியும் நீரும், உளுத்த பலகையும், பாசி பிடித்த கம்பமும், செங்கற்சுவரும் தமக்கு இன்பந் தருவன என்றும், ஸ்டூர்க் கரையிற் கழிந்த பிள்ளைப் பருவமே தம்மை ஓவியராக்கியது என்றும் நன்றியோடு கூறினார். ஓவியம் தீட்டுதல் என்பது உணர்தல் என்பதற்கு மற்றொரு பெயர் என்பது அவர் கொள்கை.

கொள்கையோடு அவர் நின்றாரல்லர். மரியாவின் உடல் நலங் குன்றியமையால் குடும்பம் இலண்டன் புறத்தேயுள்ள ஹம்ஸ்டெட் மேட்டுக்குச் சென்று தங்கியது. அங்கே 1821, 1822 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வானத்தை மட்டும் பொருளாகக் கொண்டு ஏறத்தாழ நூறு சிறு ஓவியங்களைத் தீட்டினார். தாளை விரித்து, முகில் கலைந்து போகுமுன் தீட்டி முடித்தல் வேண்டும். முடித்தபின் அதன் புறத்தே நாள், நேரம், காற்றின் திசை, பின்னர் மழை பெய்ததா வெளித்ததா என்பவற்றைக் குறித்தார். லூக் ஹோவாட் என்பவர் முகில்களை வகைப்படுத்தி இலத்தீன் பெயர் சூட்டியது 1802 ஆம் ஆண்டில். அவ்வகைப்பாட்டை விளக்கும் தோமஸ் போஸ்டரின் நூல் கொன்ஸ்டபிளிடம் இருந்தது. பிற்காலத்து வானிலை ஆய்வாளர் அந்நாளைய வானிலைப் பதிவுகளோடு அவர் குறிப்புக்களை ஒப்பிட்டு ஆராய்ந்துள்ளனர் எனின், அவற்றின் செம்மையை நாம் உணரலாம்.

நம் தமிழ் இலக்கணமுடையார் பாட்டின் முதற்பொருள் யாதெனக் கேட்டு, நிலமும் பொழுதும் என்று வகுத்தனர். பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பிரித்து, மாலைக்கொரு துயரும் நள்ளிரவுக்கொரு நினைவும் உண்டெனக் கண்டனர். அம்மரபிற் பழகிய நமக்குக் கொன்ஸ்டபிள் அந்நியரல்லர். அவர் ஓவியத்துக்கு ‘நண்பகல்’ என்று பெயரிட்டதும், முகிற்படத்தின் புறத்தே மணியைக் குறித்ததும், பொழுதின்றி நிலத்துக்கு உணர்ச்சியில்லை என்பதை உணர்ந்தமையினாலேயே. இவர் நம் நூல்களைக் கற்றவரல்லர்; எனினும் நிலத்தை உற்று நோக்கியவர் யாவரும் வந்துசேரும் உண்மை இது.

சொந்த நாடு மதியாததை அயல்நாடு மதித்தது. பாரிசு நகரிலிருந்து வந்த அரோஸ்மித் என்னும் ஓவிய வணிகர் ‘வைக்கோல் வண்டி’யையும், மற்றொரு பெரிய ஓவியத்தையும், சிறிய படமொன்றையும் 250 பவுணுக்குப் பெற்றுச் சென்றார். 1824 ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் அவை பெரும் வியப்பை உண்டாக்கின. பத்தாம் சாள்ஸ் மன்னர் தங்கப் பதக்கம் வழங்கினார். இளம் ஓவியர் டெலக்குருவா கொன்ஸ்டபிளின் ஓவியத்தைக் கண்டபின், அதே கண்காட்சியிலிருந்த தமது பெரிய ஓவியத்தின் சில பகுதிகளை மீண்டும் தீட்டினார் என்பர். கொன்ஸ்டபிளின் புல்வெளிப் பச்சை ஒரே பச்சையன்று, வெவ்வேறு பச்சைகள் பல சேர்ந்தது. அதனாலேயே அது ஒளிர்கின்றது என்று அவர் பின்னாளில் தம் நாட்குறிப்பில் எழுதினார். பதக்கம் பெற்றவரோ பாரிசு நகருக்குச் செல்லவேயில்லை.

இங்கிலாந்தில் நிலைமை வேறாக இருந்தது. ஈர இலையில் வெயில் பட்டு மின்னுவதைக் காட்ட அவர் இட்ட வெண்புள்ளிகளைக் கொன்ஸ்டபிளின் பனி என்று எள்ளினர். அவர் ஓவியத்தைப் பார்க்குமுன் மேலங்கியும் குடையும் வேண்டும் என்று அக்கடமி ஓவியர் பியூசெலி நகையாடினார். மழையை மெய்யாக உணரச் செய்யும் ஓவியர் என்பதற்கு இதனினும் சிறந்த புகழுரை வேறு யாது?

அவர் நோக்கிற்கும் ஓர் எல்லை இருந்தது என்பதை நாம் மறைத்தலாகாது. நெப்போலியன் போர் 1815 இல் முடிந்தபின் இங்கிலாந்தின் உழவுத் தொழில் நலிந்தது. கூலி குறைந்தது, வேலை அருகியது, கதிரடிக்கும் பொறிகளைத் தொழிலாளர் உடைத்தனர், வைக்கோற் போர்கள் எரிந்தன. சபொக் மாவட்டமும் இதற்குத் தப்பவில்லை. 1822 ஆம் ஆண்டில், ஊரிலே இரவுதோறும் அண்மையிலோ சேய்மையிலோ தீ தெரிகின்றது என்று தம்பி வருந்துவதைப் பிஷருக்குக் கொன்ஸ்டபிளே எழுதினார். அத்தீயின் புகை அவர் தீட்டிய எந்த வானத்திலும் இல்லை. ஆலைக்காரரின் மைந்தர் அவர். பழைய ஒழுங்கு நிலைக்க வேண்டும் என எண்ணியவர். அவர் தீட்டிய ஸ்டூர்க் கரை, தம் பிள்ளைப் பருவத்துக் கரை. முகிலுக்கு நேரம் குறித்தவர் உழவனின் வயிற்றுக்கு நேரம் குறிக்கவில்லை என்று குறை கூறுவார் கூறலாம். ஆயினும் வண்டியோட்டியையும் மதகு திறப்பவனையும் அலங்காரப் பொம்மைகளாக்காது, தொழில் செய்யும் மனிதராகவே அவர் தீட்டினார் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

இனி அவர் வாழ்வின் துயரப் பகுதி. 1828 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23 ஆம் நாள் மரியா காசநோயால் இறந்தார். ஏழு பிள்ளைகளைத் தாயின்றி வளர்க்கும் பொறுப்புத் தந்தையைச் சேர்ந்தது. அடுத்த பெப்ரவரி மாதத்தில் றோயல் அக்கடமி அவரை முழு உறுப்பினராகத் தேர்ந்தது. அதுவும் ஒரே வாக்கு மிகுதியால். அப்போது அவருக்கு வயது 52. அவரினும் ஓராண்டே மூத்த டேணர் அப்பெருமையை 1802 ஆம் ஆண்டிலேயே பெற்றிருந்தார். மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள மனைவி இல்லாத வேளையில் பதவி வந்தது. அவ்வேதனையை அவர் நண்பரிடத்து மறைக்கவில்லை.

அவ்வாண்டு அவர் காட்சிக்கு வைத்த ஓவியம் ‘ஹட்லி கோட்டை’. தேம்சு ஆறு கடலோடு கலக்குமிடத்தில் இடிந்து நிற்கும் கோபுரங்கள், கிழிந்த வானம், தனித்துச் செல்லும் இடையன், வட்டமிடும் பறவைகள். அவ்விடத்தை அவர் 1814 ஆம் ஆண்டில், மரியாவைக் காத்திருந்த நாட்களில், சென்று கண்டு சிறு ஏட்டில் வரைந்திருந்தார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் அவ்வரைவு ஏட்டினுள்ளே உறங்கியது. துயர் வந்த காலத்தில் அதை எடுத்து, ஆறடிக் கித்தானில் முன்வரைவு தீட்டி, பின் ஓவியமாக்கினார். எதனைக் கண்டோமோ அதன் பொருள் கண்ட அன்றே விளங்குவதில்லை. கண்டதைச் செம்மையாகக் குறித்து வைத்தவனுக்கு அது விளங்கும் நாள் வரும். கொன்ஸ்டபிளின் படைப்பு முறையில் நாம் கற்றற்குரியது இது என்பேன்.

1831 ஆம் ஆண்டில் ‘புல்வெளியிலிருந்து சோல்ஸ்பெரிப் பேராலயம்’ வெளிவந்தது. இடியும் மின்னலும் கொண்ட கருவானத்தினூடே வானவில்லொன்று வளைந்து, நண்பர் பிஷரின் வீடு இருந்த இடத்திலே இறங்குகின்றது. துயருற்ற காலத்தில் இவ்வோவியத்தைத் தீட்டுமாறு ஊக்கியவர் பிஷரே. அவரும் அடுத்த ஆண்டு மறைந்தார்.

1836 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூசன் என்னும் அறிவியல் நிலையத்திலே நிலக்காட்சி ஓவியத்தின் வரலாறு பற்றி நான்கு விரிவுரைகள் நிகழ்த்தினார். மைக்கேல் பரடே முதலிய அறிவியலாளர் பணிபுரிந்த மண்டபம் அது. ஓவியத்தை இயற்கை விதிகளை ஆராயும் அறிவியலாகக் கொள்ளலாம் என்றும், ஒவ்வோர் ஓவியமும் அவ்வாராய்ச்சியிற் செய்யப்படும் ஒரு சோதனை என்றும் அங்கே கூறினார். உணர்தலே ஓவியம் என்று கடிதத்தில் எழுதியவரும், ஓவியம் சோதனை என்று மேடையிற் கூறியவரும் ஒருவரே. இவ்விரண்டும் முரணுவன என்று தோன்றலாம். முகிற்படத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் நினைவு கூர்ந்தால் முரண் நீங்கும். முன்புறத்தில் நிறமும் உணர்ச்சியும். பின்புறத்தில் நாளும் மணியும் காற்றும். தாள் ஒன்றே.

1837 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31 ஆம் நாள், பகலெல்லாம் ஓர் ஆலையின் ஓவியத்தைத் தீட்டியிருந்த கொன்ஸ்டபிள், அன்றிரவே உயிர் நீத்தார். ஹம்ஸ்டெட்டில் மரியாவின் பக்கத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவ்வாண்டே நண்பர்கள் பணஞ் சேர்த்து ‘தானிய வயல்’ என்னும் ஓவியத்தை வாங்கித் தேசிய ஓவியக்கூடத்துக்கு அளித்தனர். விலைபோகாதிருந்த ‘வைக்கோல் வண்டி’ 1886 ஆம் ஆண்டில் ஹென்றி வோன் என்பவரின் கொடையாக அதே கூடத்தை வந்தடைந்தது. அதற்குத் தீட்டிய ஆறடி முன்வரைவு விக்டோரியா அல்பேட் நூதனசாலையில் இருக்கின்றது. சோல்ஸ்பெரி ஓவியத்தை 2013 ஆம் ஆண்டில் இலண்டன் டேற் ஓவியக்கூடம் 231 இலட்சம் பவுண் கொடுத்து வாங்கியது.

விலையை விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. கொன்ஸ்டபிள் மனிதரை நேசிப்பது போல எல்ம் மரங்களை நேசித்தார். ஒரே மரத்தின் அடிப்பட்டையை மட்டும் பொருளாக்கி ஓவியம் தீட்டினார். 1960 ஆம் ஆண்டுகளின் இறுதியிலிருந்து பரவிய கொடிய பூஞ்சண நோயால் இங்கிலாந்தின் எல்ம் மரங்கள் கோடிக்கணக்கில் அழிந்தன. அவர் ஊர்வெளியில் அப்பெருமரங்கள் இன்று இல்லை. பிளாட்போர்ட் ஆலையும் வில்லி லொட்டின் வீடும் பேணிக் காக்கப்படுகின்றன. மரங்களைக் காக்க முடியவில்லை. அவற்றின் பட்டை எவ்வாறு வெடித்திருந்தது, கிளை எவ்வாறு காற்றுக்கு வளைந்தது என்பதை அறிய விரும்புவோர் கொன்ஸ்டபிளின் கித்தானையே நாடுகின்றனர்.

எந்நாளும் இருக்கும் என்று எண்ணி நாம் நிமிர்ந்தும் பாராத மரமும், குளக்கட்டும், மாலை முகிலும் அவ்வாறே ஒருநாள் இல்லாதொழியலாம். ஆலைக்காரரின் மைந்தர் தம் ஆற்றங்கரையை அங்ஙனம் பாராது விட்டாரல்லர். நாளையும் மணியையும் குறித்துக்கொண்டு பார்த்தார். பார்த்தவை நிலைத்தன.